மூன்றரை அடி அருவி

காஞ்சிபுரத்தில் அருவி அலுவலகம் திறந்து எட்டு மாதம் ஆன பிறகுதான் அதற்கு அருவி ஒன்று தேவை என்பது தெரியவந்தது.

அதுவரை யாரும் கேட்கவில்லை. மாநில அருவி வளர்ச்சி வாரியம் என்று ஒன்றைச் சென்னையில் ஏற்படுத்தியபோது, தாலுகாவுக்கு ஓர் அலுவலகம் என்று முடிவாயிற்று. மலை உள்ள தாலுகா, மலை இல்லாத தாலுகா என்று பாகுபாடு காட்டுவது சமதர்மத்துக்கு விரோதம் என்று வாரியத்தின் முதல் கூட்டத்தில் ஒருவர் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தார். ஆகவே எழுபதாம் ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் ஊருக்கும் ஓர் அலுவலகம் வந்தது. பட்டுக்கடை ஒன்றின் மாடியில் மூன்று அறைகள். அருவி வளர்ச்சி அலுவலர் கோதண்டபாணி, தலைமை எழுத்தர் தேசிகன், ஒரு தட்டச்சர், பியூன் கந்தன், ஒரு ஜீப். அலுவலகம் ஒழுங்காக நடந்தது. கடிதங்கள் வந்தன, பதில்கள் போயின. ஜீப் மட்டும் காலையில் பத்து மணிக்கு முன்னால் தெருவை விட்டு வெளியே போக முடியாது. நெசவாளர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு படிவம் வந்தது. தாலுகாவில் உள்ள அருவிகளின் பெயர், உயரம், நீராடும் வசதி ஆகியவற்றை நிரப்பி அனுப்ப வேண்டும். கீழே ஒரு குறிப்பு: ‘அருவி இல்லை’ என்று தெரிவிக்கும் அலுவலகங்கள் மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு கலைக்கப்படும்.

கோதண்டபாணி அதை மூன்று முறை படித்தார். பிறகு தேசிகனைக் கூப்பிட்டார்.

தேசிகன் சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். மூன்று இலாகாக்களில் இருபத்தாறு வருஷம் எழுதியவர். எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பியதில்லை. இரண்டு நாள் எங்கெங்கோ பழைய கோப்புகளைப் புரட்டிவிட்டு, முந்தின வருஷத்து மழைச் சேத அறிக்கை ஒன்றோடு வந்தார். அதில் ஒரு வரியின் கீழ் கோடு போட்டிருந்தார்: ‘அல்லித்தாங்கல் ஏரியின் கலங்கலில் நீர் மூன்றரை அடி உயரத்திலிருந்து விழுகிறது.’

அல்லித்தாங்கல் மாகறலுக்கு அப்பால் இருக்கும் சின்ன ஊர். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போவதற்கு ஒரு கோடியில் தாழ்வாகக் கட்டிய கல்சுவருக்குத்தான் கலங்கல் என்று பெயர். எல்லா ஏரிக்கும் ஒன்று உண்டு.

மறுநாள் ஜீப் போயிற்று. கரையில் பழனி நின்றுகொண்டிருந்தார். அவர் அந்த ஊரின் நீர்க்கட்டி. மதகைத் திறந்து மூடி, முப்பது குடும்பத்து வயல்களுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. மதகுக்குக் கீழே கடைசி வயலாக அவருக்கும் அரைக் காணி இருந்தது.

“இது எப்போதிலிருந்து விழுகிறது?” என்று கோதண்டபாணி கேட்டார்.

“நேத்து பேஞ்ச மழைக்கு சார். ஏரி ரொம்பிடுச்சி, வழியுது.”

“இதில் குளிப்பதுண்டா?”

“எரும குளிக்கும் சார்.”

‘நீராடுவதற்கு உகந்தது, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று தேசிகன் எழுதிக்கொண்டார்.

உயரம்தான் கோதண்டபாணிக்குச் சங்கடமாக இருந்தது. “மூன்றரை அடி என்று எழுதினால் சிரிப்பார்களே?”

“எங்கேயிருந்து அளக்கணும்னு படிவத்துல சொல்லல்லே சார். கடல் மட்டத்திலேருந்து போட்டுடலாம். எல்லாத்தையும் அப்படித்தானே அளக்கறா?”

அல்லித்தாங்கல் அருவியின் உயரம் இருநூற்று எழுபது அடி என்று சென்னைக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் பதில் வந்தது. அத்தனை உயரமான அருவி இவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்ததற்கு வாரியம் வருத்தம் தெரிவித்திருந்தது. தலைவர் தனசேகரன் தாமே வந்து திறந்துவைப்பார்.

பழனியை அருவிக் காவலராக நியமித்தார்கள். நீர்க்கட்டி வேலையைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. கூடவே மலையருவிகளுக்காக அச்சடித்த கையேடு ஒன்றும் வந்தது. கந்தன் படித்துக் காட்டினார். வழுக்குப் பாறைகளில் ஏறுவோரைத் தடுக்க வேண்டும். எண்ணெய் தேய்ப்பவர்கள் உரிமம் பெற்றவர்களா என்று பார்க்க வேண்டும். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்க விடக்கூடாது.

“கொரங்கே இல்லியேபா இங்க?”

“இல்லன்னா நீ எப்படித் தடுப்ப? அதான் அதுக்கும் எழுதிக்கிறாங்க.”

எழுதியிருந்தது உண்மைதான். காவலர் தம் கடமைகளில் ஒன்றைச் செய்ய இயலாத நிலையில் இருப்பதால், கோயில் ஒன்றின் குரங்குகளில் பன்னிரண்டைத் தற்காலிகமாக அனுப்ப முடியுமா என்று கோதண்டபாணி கேட்டிருந்தார். குரங்குகள் சுவாமியின் சொத்துப் பதிவேட்டில் இல்லாததால் மாற்றித் தர இயலவில்லை என்று பதில் வந்தது. அந்தக் கோப்பு இன்னும் முடியவில்லை.

கார்த்திகை கடைசியில் மழை நின்றது. மார்கழி பிறந்ததும் பழனி எப்போதும்போல் மதகுத் திருகைச் சுற்றித் தண்ணீரைத் திறந்தார். சம்பாப் பயிர் பொதி கட்டி, கதிர் வெளியே வரும் சமயம். இரண்டே நாளில் ஏரி நான்கு விரற்கடை இறங்கிற்று. கலங்கலில் தண்ணீர் வழிவது நின்றது.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. கோதண்டபாணி கலங்கலைப் பார்த்தார், கரையோடு நடந்து வந்து மதகைப் பார்த்தார். அருவியின் தண்ணீர் எங்கே போகிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஏரிக்கு இப்படி ஓர் ஓட்டை இருப்பதைப் படிவத்தில் யாருமே தெரிவிக்கவில்லை. அன்றே மதகை மூடி, சங்கிலி போட்டு, அரக்கு முத்திரையும் வைத்தார்கள். திறப்பு விழா முடியும்வரை யாரும் தொடக்கூடாது.

விழா மார்கழி ஐந்தாம் தேதி என்று இருந்தது. மார்கழியில் நல்ல காரியம் வேண்டாம் என்று தலைவரின் வீட்டில் சொல்லிவிட்டார்கள். வாரியம் பகுத்தறிவுக் கொள்கை உடையதாகையால் அப்படி எழுத முடியவில்லை. ‘நிர்வாகக் காரணங்களால்’ விழா தை ஆறாம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பயிருக்கு நிர்வாகக் காரணம் தெரியாது. வயல் வெடிப்பு விட ஆரம்பித்தது. ஒரு நாள் காலை பழனி காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய், விரித்திருந்த பாவுக்கு அடியில் குனிந்து தெருவைக் கடந்து, மாடி ஏறினார்.

“சார், கதிரு வர நேரம் சார். இப்ப ரெண்டு தண்ணி குடுக்கலன்னா எல்லாம் பதராப் பூடும். முப்பது குடும்பம் சார். ஒரே ஒரு நாள் தொறந்து உடுங்க.”

கோதண்டபாணி கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வான் என்ற நம்பிக்கையோடு பேசினார்.

“பழனி, நெல் எல்லா ஊரிலும் விளைகிறது. அருவி எல்லா ஊரிலும் இருக்கிறதா? உன் ஊருக்கு வந்த பெருமையை நீயே கெடுக்கலாமா? நெல்லைப் பார்த்துக்கொள்ள வேளாண்மை இலாகா இருக்கிறது, உணவு இலாகா இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது. அருவிக்கு யார் இருக்கிறார்கள்? நான் ஒருவன்தான். நானும் மார்ச் முப்பத்தொன்றுவரைதான்.”

“தண்ணி அங்க சும்மா நிக்குது சார்.”

“நிற்கவில்லை. விழுவதற்குத் தயாராக இருக்கிறது.”

தேசிகனுக்குப் பாவமாக இருந்தது. வெளியே அழைத்து வந்து, புகார்ப் படிவம் ஒன்றை எடுத்தார். “இதுல போட்டாத்தான் மேலே போகும்பா. மூணுதான் இருக்கு பாரு. ஜனக்கூட்டம் அதிகம், தண்ணி ஜில்லுனு இல்லை, குரங்குத் தொல்லை. உன்னோட கஷ்டம் எதுல சேரும்?”

பழனி யோசித்தார். “தண்ணின்னு எதுல இருக்குதோ அதுல போடுங்க சாமி.”

பதினைந்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து பதில் வந்தது: ‘அல்லித்தாங்கல் அருவியின் நீர் போதிய குளிர்ச்சியாக இல்லை என்ற தங்கள் புகார் கவனிக்கப்பட்டது. குளிர்ச்சி குறித்து ஆராய நிபுணர் ஒருவர் அனுப்பப்படுவார்.’

தை பிறந்தது. வெயிலில் ஏரி இன்னும் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. மதகை மூடியும் கலங்கல் காய்ந்துதான் கிடந்தது. அதன்மேல் ஆட்டுக்குட்டிகள் ஓடி விளையாடின. விழாவுக்கு மூன்று நாள் இருந்தபோது கோதண்டபாணி இரண்டு ஆயில் எஞ்சின்களைக் கொண்டுவந்து வைத்தார். ஏரித் தண்ணீரை இறைத்துக் கலங்கல்மேல் ஊற்றினால், அது அந்தப் பக்கம் விழும். ஒத்திகை பார்த்தார்கள். தண்ணீர் இரண்டு இடத்தில் குழாயடிபோல் விழுந்தது. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. தலைவரின் சொற்பொழிவு ஐம்பது நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. கோதண்டபாணி தலையில் கை வைத்துக்கொண்டு கரைமேல் உட்கார்ந்துவிட்டார்.

இறைத்த தண்ணீர் ஓடையில் விழுந்து, ஒரு வயலுக்கும் உதவாமல் ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பழனியின் மனைவி வடிவு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னாய்யா இது? அவங்களுக்குத் தண்ணி வுழணும். நமக்குப் பாயணும். மதகுல ரெண்டும்தான நடக்குது? போய்ச் சொல்லேன்.”

“நான் சொன்னா கேப்பாரா?”

“நீதான அருவிக் காவலரு. அருவியப் பத்தி வேற யாரு சொல்லுவாங்க?”

பழனி போய்ச் சொன்னார். மதகைத் திறந்தால் கரைக்கு அந்தப் பக்கம் உள்ள தொட்டியில் தண்ணீர் மூன்று அடி உயரத்திலிருந்து விழும். எஞ்சின் வேண்டாம், சத்தம் இருக்காது. ஏரி எவ்வளவு இறங்கினாலும் விழும்.

கோதண்டபாணி எழுந்தார். “மூன்று அடியா? அரை அடி குறைகிறதே?”

“கடல் மட்டத்திலேருந்து பாக்கறச்சே அரை அடியெல்லாம் ஒரு அடியா சார்?” என்றார் தேசிகன்.

அன்று மாலையே உத்தரவு தயாராயிற்று. அல்லித்தாங்கல் அருவி, பொதுநலனை முன்னிட்டு, ஏரியின் வடகோடியிலிருந்து கிழக்குக் கரைக்கு உடனடியாக இடமாற்றம் செய்யப்பட்டது.

விழா நன்றாக நடந்தது. மதகுக்குக் கீழே சிமெண்டு மேடை, பந்தல், ஒலிபெருக்கி. தலைவர் தனசேகரன் காரிலிருந்து இறங்கி நான்கு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை சமவெளிதான்.

“மலை எங்கே?” என்று கோதண்டபாணியிடம் மெதுவாகக் கேட்டார்.

“இரண்டாம் கட்டத்தில் ஐயா.”

தலைவர் திருப்தியோடு மேடை ஏறினார்.

“நண்பர்களே! இதுநாள்வரை இந்த நாட்டில் அருவிகள் தாமாகவே விழுந்துகொண்டிருந்தன. யார் அனுமதி கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை! எவ்வளவு விழுந்தது, எப்போது விழுந்தது என்று கணக்கு உண்டா? இல்லை! வாரியம் வந்தது. ஓராண்டுக்குள் எல்லா அருவிகளுக்கும் எண் கொடுத்தோம். இனிமேல் வாரியத்துக்குத் தெரியாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலிருந்து கீழே வராது என்று உறுதி கூறுகிறேன்! நான் இன்னும் ஒன்றும் சொல்வேன். எத்தனையோ அருவிகளுக்குப் போயிருக்கிறேன். எல்லாம் கரடுமுரடான இடங்கள், கார் போகாது. இந்த அருவியில்தான் காரிலிருந்து இறங்கியவுடன் அருவி இருக்கிறது. இயற்கை இப்படித்தான் இருக்க வேண்டும்!”

பிறகு சங்கிலியை அவிழ்த்துத் திருகைச் சுற்றினார். தண்ணீர் தொட்டியில் விழுந்தது, நிரம்பிற்று, வாய்க்காலில் ஏறி வெடித்துக் கிடந்த வயல்களுக்குள் ஓடிற்று. முப்பது குடும்பத்தாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சிலர் ஓடிப்போய் வரப்பு வெட்டினார்கள். பழனி கும்பிட்டார், அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

தலைவரும் நெகிழ்ந்துபோனார். அருவிக்கு இப்படி அழும் மக்களை அவர் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஒலிபெருக்கியைத் திரும்பப் பிடித்தார்.

“உங்கள் அன்புக்கு என்ன கைம்மாறு செய்வேன்! இந்த அருவி இன்றுமுதல் ஒரு நிமிடமும் நிற்காது! இது என் உத்தரவு!”

உத்தரவு என்றால் கோதண்டபாணி விட்டுவிடுவாரா? திருகை முழுவதும் திறந்த நிலையில் வைத்து, புதிய பூட்டு ஒன்றைப் போட்டுப் பூட்டினார். சாவியை வெல்வெட் பெட்டியில் வைத்துத் தலைவருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தார்.

நான்கு நாள் அல்லித்தாங்கலில் எல்லாரும் வாரியத்தை வாழ்த்தினார்கள். பதரானது போக மீதிக் கதிர்கள் பால் பிடித்தன. ஐந்தாம் நாள் போதும் என்று பழனி மதகை மூடப் போனார். பூட்டு தொங்கிற்று.

அடுத்த பத்து நாளும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வழக்கமாக மிச்சத் தண்ணீர் போகும் வடிகால்மேல் சிமெண்டு மேடை உட்கார்ந்திருந்தது. பள்ளத்து வயல்களில் முதலில் தேங்கிற்று. பிறகு வரப்பு மறைந்தது. அறுப்புக்கு முன்னால் காய வேண்டிய வயலில் முழங்கால் அளவு தண்ணீர்.

பழனி மறுபடியும் மாடி ஏறினார்.

“சார், போதும் சார். மூடணும் சார். நெல்லு முத்தற நேரம், தண்ணில நிக்குது.”

கோதண்டபாணி பேனாவைக் கீழே வைத்தார். “போன மாதம் திற என்றாய். இந்த மாதம் மூடு என்கிறாய். ஒரு மனிதனுக்கு நிலையான கொள்கை வேண்டாமா?”

“சாவியாவது குடுங்க சார்.”

“அது தலைவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. திருப்பிக் கேட்டால் மரியாதையாக இருக்குமா? இன்னொன்று. அருவி நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் காவலர் வேலை. காவலரே வந்து நிறுத்தச் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் நல்லதுக்குத்தான்.”

ஊருக்குத் திரும்பியதும் பூவராகவன் கடப்பாரையோடு வந்தார். முதல் மடை வயல் அவருடையது, கோபமும் அதிகம். “பூட்ட ஒடச்சிப் போடலாம்பா. இன்னா செஞ்சிடுவாங்க?”

“காவக்காரன் நான்தான்னு எழுதி வெச்சிக்கிறாங்களே. ஜெயிலுக்கு நான்தான போவணும்? மண்ணு மூட்டையப் போட்டு அடைப்போம்.”

மண் மூட்டை போட்டு மதகு வாயை அடைத்தார்கள். மறுநாள் ஜீப் வந்தது. நான்கு ஆட்களை இறக்கி மூட்டைகளை எடுத்தார்கள். அருவியை அடைப்பது வாரியச் சட்டப்படி குற்றம் என்று கரையில் ஒரு பலகை நட்டார்கள்.

மாசி முதல் வாரத்தில் தண்ணீர் தொடை அளவு ஏறியது. தாள் அழுகி, கதிர்கள் சாய்ந்து நீருக்குள் போக ஆரம்பித்தன. நனைந்த நெல் இரண்டு நாளில் முளைவிட்டுவிடும். அதற்குமேல் யாரும் காத்திருக்கவில்லை. ஊர் முழுவதும் அரிவாளை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிற்று. ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, கையை விட்டுத் தடவி, கதிரை மட்டும் அறுத்துக் கயிற்றுக் கட்டில்களில் போட்டுக் கட்டிலோடு கரைக்குத் தூக்கினார்கள். கிழவர்கள் வரப்பு இருந்த இடத்தைக் குச்சியால் துழாவி வழி சொன்னார்கள். கரைமேல் பெண்கள் கூழ் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் கரைமேல் ஜீப் வந்து நின்றது. சேறாக இருந்ததால் கோதண்டபாணி இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பாருங்கள் தேசிகன்! குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள்!”

தேசிகன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அறுவடை மாதிரின்னா தெரியறது சார்.”

“அறுவடைக்கு நம் வருகைப் பதிவேட்டில் பத்தி இருக்கிறதா? தண்ணீரில் எத்தனை பேர் நிற்கிறார்கள், அதைச் சொல்லுங்கள்.”

தேசிகன் கண்ணாடியை இன்னொரு முறை துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எண்ணினார். “நாப்பத்தேழு.”

அறிக்கை அன்றே தபாலில் சேர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்.

‘திறந்துவைக்கப்பட்ட முதல் மாதத்திலேயே அல்லித்தாங்கல் அருவி பயணிகளைப் பெரிதும் ஈர்த்துள்ளது. நேரில் பார்வையிட்டபோது பெண்கள் உட்பட நாற்பத்தேழு பேர் தொடையளவு நீரில் மகிழ்ந்திருந்தனர். இளைப்பாறுவதற்குத் தங்கள் கட்டில்களையும் கொண்டுவந்திருந்தனர். உணவும் கொண்டுவந்திருந்தனர். காலையில் இறங்கியவர்கள் மாலைவரை கரையேற மனமின்றி நின்றது குறிப்பிடத்தக்கது. பயணிகளில் பலர் கூரிய ஆயுதங்களுடன் நீரில் இறங்கியது ஒன்றே குறை. அது குறித்துக் காவலரிடம் விளக்கம் கேட்கப்படுகிறது.’

அதன்பேரில் பிற்பாடு காஞ்சிபுரம் அலுவலகம் நிரந்தரமாக்கப்பட்டது. கோதண்டபாணிக்கு இரண்டாவது ஜீப்பும், மலை குறித்து ஆராய ஓர் உதவியாளரும் கிடைத்தார்கள்.

விளக்கம் கேட்கும் கடிதத்தைக் கந்தன் அறுப்பின் மூன்றாம் நாள் மத்தியானமே சைக்கிளில் கொண்டுவந்தார். கரையில் நின்று கூப்பிட்டார். பழனி ஒரு கட்டுக் கதிரோடு ஏறி வந்தார்.

“இன்னா எழுதிக்கீது?”

“பயணிங்க அரிவாளோட அருவில எறங்கினத நீ ஏன் தடுக்கலன்னு கேக்கறாங்க. ஏழு நாள்ல பதில் சொல்லணுமாம். வாங்கிக்கினேன்னு இதுல கைநாட்டு வைப்பா.”

பழனி ஈரக் கையைத் தலைத்துண்டில் துடைத்துவிட்டு நீட்டினார். கந்தன் மை தடவிப் பெருவிரலைப் பிடித்து அழுத்தினார். கறுப்பாக ஒரு கறை விழுந்தது. ரேகை ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டு இன்னொரு முறை அழுத்தினார். மூன்று நாள் தண்ணீரில் ஊறிய விரல் வெள்ளையாகிச் சுருங்கி, அவித்த கிழங்குபோல் இருந்தது. இடது கையும் அப்படியே.

“ஒண்ணுகூடப் பதியலியேபா.”

“காயட்டும், அப்புறம் வெக்கறேன்.”

“எப்பக் காயும்?”

பழனி வயலைப் பார்த்தார். பாதிதான் அறுத்திருந்தது. மீதியில் அங்கங்கே கதிர்மேல் பச்சையாக முளை தெரிந்தது. தண்ணீருக்குள்ளிருந்து வடிவு கத்தினார். “யோவ், அங்க நின்னுக்கினு இன்னா பேச்சு? இந்தப் பக்கமும் மொளச்சிப்போச்சிய்யா!”

பழனி இறங்கினார்.

கந்தன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வெறும் கறையோடு காகிதத்தைத் திருப்பிக் கொண்டுபோனால் அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். சைக்கிள் சீட்டின்மேல் அதை வைத்து, ஓரத்தில் எழுதினார்:

‘காவலர் கடிதத்தைப் பெற்றுக்கொள்ளாமல் நீராடச் சென்றுவிட்டார்.’